கோட்கர் மலையின் குடியானவர்

சிம்லா ஆப்பிள் என்று நம் ஊர்ப் பழக்கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பழம் சிம்லா நகரத்தில் விளைவதில்லை. அங்கிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும். நார்கண்டாவைத் தாண்டியதும் சட்லஜ் ஆற்றை நோக்கி இறங்கும் பெரிய சரிவு ஒன்று வரும். கோட்கர், தானேதார் என்று அடுத்தடுத்து ஊர்கள். இமாச்சலத்து ஆப்பிள் ஒரு தொழிலாக வேர்பிடித்தது அந்தச் சரிவில்தான். முதல் கன்றுகளை நட்டவர் மலைக்காரர் இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் லிஃப்ட் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த செல்வந்தர் ஒருவரின் மகன். பெயர் சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ்.

கொடைக்கானல் மலையில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சோலனுக்குப் பக்கத்தில் நௌனியில் உள்ள தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்காகப் போயிருந்தபோது இந்தக் கதையைக் கேட்டேன். அமெரிக்கர் ஒருவர் வந்தார், நல்ல ரகக் கன்று கொண்டுவந்தார், மலை செழித்தது. இப்படித்தான் சுருக்கமாகச் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. கன்று கொடுத்துவிட்டால் மரம் வந்துவிடும் என்றால் எங்கள் மலை எப்போதோ பழத்தோப்பாகியிருக்கும். பூம்பாறையில் பேரிக் கன்றுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனபோது ஒரு பெரியவர் சொன்னார்: "பூண்டு போட்டா நாலு மாசத்துல காசு கைக்கு வந்துரும்மா. பேரி வச்சா என் பேரன்தான் காய் பறிப்பான். அதுவரைக்கும் நான் என்னத்தச் சாப்பிடுறது?" அவர் கேட்டதில் தப்பில்லை. மரம் வைப்பது என்றால் பல வருடங்களை முன்கூட்டியே கடன் கொடுப்பது. அந்த வருடங்கள் தன் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் கொடுப்பான். கோட்கர் விவசாயிக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். பயிற்சி முடிந்து தானேதாருக்கு பஸ் ஏறியதும், ஊர் திரும்பிய பின் பல வருடங்கள் ஸ்டோக்ஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்ததும் அதற்காகத்தான்.

ஸ்டோக்ஸ் 1882 ஆகஸ்ட் 16ஆம் தேதி பிறந்தார். குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். அமெரிக்க நகரங்களில் மாடிமேல் மாடியாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. லிஃப்ட் தொழிலில் நல்ல வருமானம். மகன் அந்தத் தொழிலுக்கு வருவார் என்று தகப்பனார் எதிர்பார்த்தார். மகனோ யேல் பல்கலைக்கழகப் படிப்பையே பாதியில் விட்டார். சிம்லா மலையின் கீழ்ப்பகுதியில் சபாத்து என்ற ஊரில் தொழுநோயாளர் இல்லம் நடத்திவந்த டாக்டர் கார்ல்டன் தம்பதியைச் சந்தித்ததும் அவர் மனம் அங்கே போய்விட்டது. 1904 பிப்ரவரியில் அவர்களுடன் பம்பாயில் வந்து இறங்கினார். அப்போது வயது 21.

மறு வருடம் ஏப்ரல் 4ஆம் தேதி காங்ராவில் பெரிய நிலநடுக்கம். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஸ்டோக்ஸ் நிவாரண வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில்தான் கோட்கருக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. நல்ல உயரம், தேவதாரு மரங்கள், வெயில் காலத்திலும் குளிர்காற்று. சமவெளியின் சூட்டில் தவித்த பாதிரிமார்கள் ஓய்வுக்கு வரும் இடம். 1840களிலேயே அங்கே கிறிஸ்தவ மிஷன் வந்துவிட்டது. சுற்றிலும் மலை ராஜாக்களின் சமஸ்தானங்கள் இருக்க, கோட்கர் மட்டும் வெள்ளையர் நேரடி ஆட்சியில் இருந்தது. டல்ஹௌசி காலத்தில் 1850இல் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலை அந்த வழியாகத்தான் போனது. அந்தச் சாலை இந்தக் கதையில் மறுபடி வரும்.

பாளையங்கோட்டையில் நான் படித்த நாட்களில் கிறிஸ்தவத் தோழிகளின் வீடுகளில் சாது சுந்தர் சிங்கின் படத்தைப் பார்த்திருக்கிறேன். தலைப்பாகை, தாடி, சாந்தமான கண்கள். 1918இல் அவர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றிப் பேசியதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த சுந்தர் சிங் இளம்வயதில் ஸ்டோக்ஸுடன் சேர்ந்து சபாத்துவிலும் கோட்கர் பக்கத்திலும் ஊழியம் செய்தவர் என்று படித்தபோது, தெரியாத மலை சட்டென்று கிட்ட வந்துவிட்டதுபோல் இருந்தது. ஸ்டோக்ஸ் அப்போது துறவி. உடைமைகளைத் துறந்துவிட்டு, கிடைத்ததை உண்டு, ஊர் ஊராக நடந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 1910இல் சில ஆங்கிலேயர்களோடு சேர்ந்து, இயேசுவைப் பின்பற்றும் சகோதரர்கள் என்ற பொருளில் ஒரு துறவு அமைப்பையும் ஏற்படுத்தினார்.

அதிலிருந்து இரண்டே வருடங்களில் விலகினார். எனக்கு ஸ்டோக்ஸ் முக்கியமானவராவது இந்த இடத்தில்தான். பக்கீரைப் பார்த்தால் மலைக்காரன் காலைத் தொட்டுக் கும்பிடுவான், சோறு போடுவான். ஆனால் பக்கீர் சொல்வதைக் கேட்டு விதைப்பை மாற்ற மாட்டான், மகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டான். பிள்ளைகுட்டி இல்லாதவனுக்கு நம் கஷ்டம் என்ன தெரியும் என்று உள்ளுக்குள் நினைப்பான். துறவி ஊரைவிட ஒரு படி மேலே நிற்கிறவர். ஊரோடு நிற்க வேண்டுமென்றால் நிலம் வேண்டும், குடும்பம் வேண்டும், மழை பொய்த்தால் தானும் நஷ்டப்பட வேண்டும். 1912 செப்டம்பரில் ஸ்டோக்ஸ் கோட்கர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஆக்னஸைத் திருமணம் செய்துகொண்டார். துறவியாக இருந்தவரை அவரைப் புகழ்ந்த வெள்ளைக்காரர்களில் பலர் இதை விரும்பவில்லை.

அந்தக் கல்யாணம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை உணர, கிப்ளிங் எழுதிய 'லிஸ்பெத்' கதையை நினைத்துப் பார்க்கலாம். அதுவும் கோட்கரில் நடக்கும் கதை. மிஷன் வீட்டில் வளர்ந்த மலைப்பெண் ஒருத்தி, அடிபட்டுக் கிடந்த ஆங்கிலேயனைத் தூக்கிவந்து காப்பாற்றி அவன்மேல் ஆசை வைக்கிறாள். திரும்பி வந்து மணந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு அவன் போகிறான், வருவதே இல்லை. பாதிரியார் மனைவியும் அந்தப் பொய்க்குத் துணை. கதை வெளிவந்து கால் நூற்றாண்டு கழித்து, அதே ஊர்ப் பெண் ஒருத்தியை ஊரறியக் கைப்பிடித்து, அங்கேயே தங்கி, ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார் இந்த அமெரிக்கர். ஆக்னஸைப் பற்றி நூல்களில் கொஞ்சம்தான் இருக்கிறது. கோட்கரின் வழக்கங்கள், உறவுமுறைகள், எந்த வீட்டுக்கு எப்போது போகலாம் என்பது வரை ஃபிலடெல்ஃபியாக்காரருக்கு அந்த அம்மாள் சொல்லித்தராமல் யார் சொல்லித்தந்திருப்பார்கள்?

பாரோபாக் என்ற இடத்தில், தேயிலைத் தோட்டமாக இருந்து கைவிடப்பட்ட நிலத்தை ஸ்டோக்ஸ் வாங்கினார். அமெரிக்காவில் இருந்த தாயாரின் உதவி இல்லாமல் அது நடந்திருக்காது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பத்து வருடம் விளைச்சலுக்குக் காத்திருக்கும் வசதி அவருக்கு இருந்தது, பக்கத்து வயல்காரருக்கு இல்லை. முதலில் மற்றவர்களைப் போலத் தானியம் பயிரிட்டார். மலைச்சரிவில் சிறு சிறு படிக்கட்டு வயல்கள். கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு உழைத்தாலும் வருடம் முழுவதும் சாப்பாட்டுக்கே போதாது என்பதைத் தன் கையால் உழுத பிறகு புரிந்துகொண்டார். அறிக்கை படித்துத் தெரிந்துகொண்டதில்லை அது. தானியத்தை மட்டும் நம்பி இந்த மலை பிழைக்காது என்ற முடிவுக்கு வந்தார்.

ஆப்பிள் அந்த மலைகளுக்குப் புதிதில்லை. குலுவில் பந்த்ரோலில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் 1870 வாக்கிலேயே தோட்டம் போட்டிருந்தார். சிம்லாவை அடுத்த மஷோப்ராவில் அலெக்சாண்டர் கூட்ஸ் 1887இல் போட்டார். ஆனால் அவை இங்கிலாந்து ரகங்கள், புளிப்பு தூக்கலானவை. துரைமார் வீட்டுச் சமையலுக்கு ஆகும். இந்திய நாக்குக்குப் பிடிக்காது, சந்தையில் விலை போகாது.

ஸ்டோக்ஸ் கொண்டுவந்தது ரெட் டெலிசியஸ். அதன் பிறப்பே ஒரு கதை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பெரு என்ற சிற்றூரில் ஜெஸ்ஸி ஹையட் என்ற விவசாயியின் தோட்டத்தில், நடாமல் தானாக முளைத்த கன்று அது. வரிசைக்கு வெளியே நின்றதால் வெட்டினார். மறுபடி துளிர்த்தது, மறுபடி வெட்டினார். மூன்றாம் முறையும் துளிர்த்ததும் விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பழத்தை மிசௌரி மாநிலத்து ஸ்டார்க் சகோதரர்கள் நர்சரி 1890களில் விலைக்கு வாங்கிப் பரப்பியது. அடர்சிவப்பு, புளிப்பில்லாத இனிப்பு, தடித்த தோல், பல நாள் கெடாது. நம் ஜனங்களுக்குப் பிடிக்க வேண்டிய எல்லாக் குணமும் அதில் இருந்தது. அந்த நர்சரியின் கன்றுகளை 1916இல் பாரோபாக்கில் நட்டார். கோல்டன் டெலிசியஸ் கன்றுகள் 1921இல் தாயாரிடமிருந்து கிறிஸ்துமஸ் பரிசாக வந்தன.

என் தொழில் புத்தி இந்த மஞ்சள் ஆப்பிளிடம் வந்து நின்றுவிடுகிறது. ரெட் டெலிசியஸ் பூவில் அதே ரகத்தின் மகரந்தம் விழுந்தால் காய் பிடிக்காது. வேறு ரக மரம் அதே வாரத்தில் பூத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும், தேனீ நடுவில் போய்வர வேண்டும். அந்த வேலைக்குக் கோல்டன் டெலிசியஸ் மிகப் பொருத்தம். ஏப்ரலில் இரண்டும் சேர்ந்தாற்போல் பூக்கும். சிவப்புப் பழத்துக்குத்தான் விலை என்று தோட்டம் முழுக்க அதையே நட்டவர்கள் பின்னாளில் காய் பிடிக்காமல் அவதிப்பட்டு, இன்று பூக்காலத்தில் தேனீப்பெட்டியை வாடகைக்கு எடுத்து வைக்கிறார்கள். குளிரும் முக்கியம். இந்த ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரத்துக்கு மேல் குளிர்காலத் தூக்கம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வசந்தத்தில் மொட்டு சரியாக விரியாது. கொடைக்கானலில் ரெட் டெலிசியஸ் வைத்துக் காய்க்கவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். கோட்கரில் அந்தக் குளிர் இருந்தது, வடிகால் உள்ள சரிவு இருந்தது, ஒட்டுக் கட்டுவதற்குக் காட்டு ஆப்பிள் கன்றுகளும் கிடைத்தன.

ஆக மண், குளிர், ரகம் மூன்றும் சேர்ந்துவிட்டன. இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. அதற்குத்தான் சாலைக்குத் திரும்ப வேண்டும்.

பேகார் என்று அந்த மலைகளில் ஒரு வழக்கம். நம் பக்கத்தில் வெட்டிவேலை என்றார்களே, அதுதான். அதிகாரிகள் முகாம் போனாலும், துரைகள் வேட்டைக்குப் போனாலும், அவர்களுடைய கூடாரம், கட்டில், பெட்டி, சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் வழியோரக் கிராமத்துக் குடிகள் சுமக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும். கூலி இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். இந்துஸ்தான்–திபெத் சாலை கோட்கர் வழியாகப் போனதால் அந்தச் சுமை கோட்கர்காரர்களின் முதுகில் அதிகமாகவே ஏறியது. நாற்று நடும் நாளா, அறுப்பு நாளா, வீட்டில் யாருக்காவது சாவா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆள் வந்து கூப்பிட்டால் கிளம்ப வேண்டும், எப்போது திரும்புவோம் என்பதும் தெரியாது.

வெள்ளைக்காரரான ஸ்டோக்ஸின் முதுகில் யாரும் மூட்டை ஏற்றமாட்டார்கள். அவர் மனைவியின் ஊர்க்காரர்கள் முதுகில் ஏறியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க உதவிய மனிதர்தான் அவர். போரில் உயிரைக் கொடுத்த மலைமக்களை, போர் முடிந்ததும் மறுபடி சுமைமாடாக நடத்தியதைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை. பத்திரிகைகளில் எழுதினார், அதிகாரிகளுக்கு மனுமேல் மனு போட்டார். கோட்கர் மக்கள் பஞ்சாயத்து கூடி இனிச் சுமப்பதில்லை என்று தீர்மானித்தபோது அவர்களோடு உட்கார்ந்தார். மிரட்டல்கள் வந்தன. ஊர் கலையவில்லை. 1921இல் அரசாங்கம் இறங்கி வந்தது. கோட்கரில் பேகார் ஒழிந்தது, கட்டாயச் சுமையின் எல்லை மற்ற இடங்களிலும் சுருங்கியது.

வருடங்களைக் கவனியுங்கள். கன்று நட்டது 1916. பேகார் போனது 1921. முதல் ஆப்பிள்கள் விற்பனைக்குப் போனது 1926. ஆப்பிள் மரத்துக்கு மார்கழி, தையில் கவாத்து, பிறகு குழி, எரு, பூக்காலத்தில் காவல், காய்க்காலத்தில் முட்டு, பறிக்கும் வாரத்தில் வீட்டில் உள்ள அத்தனை கைகளும். பழுத்த பழம் மரத்தில் நான்கு நாள் காத்திருக்காது. வருடத்தின் எந்த நாளிலும் தன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பயந்து வாழ்கிறவன் மரம் வைக்க மாட்டான். வைத்தாலும் பேண மாட்டான். அதனால் கோட்கர் ஆப்பிளின் வரலாற்றை ஸ்டார்க் நர்சரியில் தொடங்காமல் பேகார் எதிர்ப்புப் பஞ்சாயத்தில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தானேதாரில் நான் சந்தித்த வயதான தோட்டக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். மூட்டைக்கயிறு பட்டுக் காய்த்துப்போன தடம் தாத்தாவின் நெற்றியில் கடைசிவரை இருந்ததாம். அந்தத் தாத்தாதான் அந்த வீட்டின் முதல் ஆப்பிள் மரங்களை நட்டவர்.

அப்போதும் எல்லோரும் ஓடிவந்து நடவில்லை. சாப்பாட்டுத் தானியம் விளையும் நிலத்தில் பழமரமா என்று தயங்கினார்கள். ஸ்டோக்ஸ் கன்றுகளை இலவசமாகக் கொடுத்தார். ஒட்டுக் கட்டவும் கவாத்து செய்யவும் கற்றுக்கொடுத்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் அவருடைய தோட்டமே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வருடாவருடம் பார்க்கலாம். கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சிம்லாவுக்கு அனுப்பிய பழம் என்ன விலைக்குப் போனது என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். முகாம் போட்டுப் பேசிவிட்டு மாலையில் ஜீப்பில் இறங்கிப் போகிற எங்களைப் போன்ற அலுவலர்களால் அந்தப் பாடத்தை நடத்த முடியாது. பூம்பாறைப் பெரியவரின் கேள்விக்கு அங்கேயே குடியிருந்து பத்து வருடம் மரத்தை வளர்த்துக் காட்டுவதைத் தவிர வேறு பதில் கிடையாது. எந்தத் துறையாலும் அந்தப் பத்து வருடத்தைத் திட்டக் காலத்துக்குள் அடக்க முடியவில்லை.

பேகார் ஒழிந்த அதே 1921இன் டிசம்பரில் ஸ்டோக்ஸ் கைதானார். அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் உறுப்பினராக இருந்த ஒரே அமெரிக்கர் அவர். கதர் உடுத்தியவர். லாகூருக்குப் போகும் வழியில் வாகாவில் பிடித்தார்கள். வழக்காடவில்லை. ஐரோப்பியருக்கு உரிய சிறைச் சலுகைகளையும் மறுத்தார். ஆறு மாத தண்டனை. காந்தி அவரைப் பற்றி 'யங் இந்தியா'வில் எழுதினார். அந்த வருடங்களில் ஸ்டோக்ஸ் எழுதிய கட்டுரைகள் நம் சென்னையில்தான் நூலாக அச்சாயின. பிறகு எட்டு வயது மகன் தாரா வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். அவன் நினைவாகக் கோட்கர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1932இல் இந்து சமயத்துக்கு மாறி சத்யானந்த் ஆனார். ஆக்னஸ் பிரியாதேவி ஆனார். தானேதாரில் ஸ்டோக்ஸ் கட்டிய கோயிலில் கீதை, உபநிடத வாசகங்களை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 1946 மே 14இல், சுதந்திரத்துக்கு ஒரு வருடம் முன்பு இறந்தார்.

பிந்தைய வளர்ச்சி எல்லோருக்கும் தெரிந்தது. 1971இல் தனி மாநிலமான இமாச்சலத்தில் முதலமைச்சர் பர்மார் சாலைகளை மலையிடுக்குகள் வரை கொண்டுபோனார், ஆப்பிள் அந்தச் சாலைகளின் ஓரமாகப் பரவியது. இன்று 1 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஆப்பிள். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. பழப்பெட்டி செய்வதற்கென்று காட்டு மரங்கள் ஏராளமாக வெட்டுப்பட்டன. அட்டைப்பெட்டி வந்த பிறகே அது குறைந்தது. 1980களில் ஸ்கேப் என்ற பூஞ்சாண நோய் தோட்டம் தோட்டமாக இலையைக் கருக்கியது. மலை முழுக்க ஒரே ரகத்தை நடுவதில் உள்ள ஆபத்து அப்போது புரிந்தது.

இப்போது பனி குறைந்துவருகிறது. கீழ்ச்சரிவுத் தோட்டங்களுக்கு அந்த 1,000 மணி நேரக் குளிர் எல்லா வருடமும் கிடைப்பதில்லை. ஆப்பிள் கின்னௌர் பக்கம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்களையும், மூன்றாம் வருடமே பலன் தரும் குட்டை வேர்ச்செடிகளையும் கோட்கர்க்காரர்கள் இறக்குமதி செய்து நட்டுவருகிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய தயக்கம் அவர்களிடம் இல்லை. தானேதார்ப் பெரியவரும் பழைய மரங்களில் பாதியை எடுத்துவிட்டுப் புதுக் கன்றுகள் வைத்திருந்தார். எது தாக்குப்பிடிக்கும் என்று கேட்டேன். இரண்டு வரிசைக்கு ஒரு ரகம் வீதம் நான்கு ரகம் வைத்திருப்பதாகவும், அவை காய்க்கும்போது வந்து பார்க்கும்படியும் சொன்னார்.